மூன்றரை விநாடி: ஒரு பைலட் படகின் பக்கத் தளம் பற்றிய நிகழ்வு ஆய்வு

நவம்பர் மாதத்தின் இரண்டாவது வாரத்தில், விடியற்காலை ஐந்து மணிக்குச் சற்று முன்பாக, சென்னைக் கடலில் வெளியே சென்றுகொண்டிருந்த ஒரு கன்டெய்னர் கப்பலிலிருந்து, அதைத் துறைமுகத்திலிருந்து வழிகாட்டி வெளியே கொண்டுவந்த பைலட் ஒருவர் நூலேணி வழியாக இறங்கி, தம்மை அழைத்துச் செல்ல வந்த லாஞ்சில் கால் வைத்தார். அந்தக் கால் தளத்தின் விளிம்பில் பட்டு வழுக்கியது. உடல் கப்பலுக்கும் படகுக்கும் நடுவே சரிந்தது. தளத்தில் நின்றிருந்த லஸ்கர், அதாவது படகின் பணியாளர், அவருடைய உயிர்காப்பு அங்கியின் தோள்பட்டியைப் பற்றி இழுத்துவிட்டதால், முழங்கால் தசைநார் கிழிந்ததோடு போயிற்று. அரை நொடி தாமதித்திருந்தாலும் இதை வேறு விதமாக எழுத வேண்டியிருந்திருக்கும்.

முதல் அறிக்கை அரைப் பக்கம் இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் ‘கடல் கொந்தளிப்பு, இறங்கியவரின் கவனக்குறைவு’ என்று எழுதி மூடியிருந்தார்கள். காப்பீட்டுத் தரப்பின் வேண்டுகோளின்படி படகைச் சோதிக்க நான் சென்றது அதற்குப் பத்து நாள் கழித்து. சென்னை, எண்ணூரில் காமராஜர், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி என்று அடுத்தடுத்து மூன்று துறைமுகங்கள் இந்தக் கரையில் இருக்கின்றன. எந்தத் துறைமுகத்தின் வேலைக்குப் போன படகு, யாருடைய படகு, எந்தக் கப்பல் என்பவை இங்கே தேவையற்றவை. இதே அளவில், இதே அமைப்பில் படகுகள் கிழக்குக் கரை நெடுகிலும் ஓடுகின்றன என்பதால்தான் இந்த ஆய்வை எழுதுகிறேன்.

அன்றைய கடல்

அன்று வாடை வீசிக்கொண்டிருந்தது. கப்பல் ஏறத்தாழக் கிழக்கு நோக்கி, 7 நாட் (மணிக்கு 7 கடல் மைல்) வேகத்தில் சென்றது. வடகிழக்கிலிருந்து வரும் காற்றுக்குக் கப்பலின் இடப்பக்கம் முகம் கொடுக்க, வலப்பக்கம் காற்று மறைவாக அமைந்தது. ஏணியை அந்தப் பக்கம் இறக்கியது முற்றிலும் சரியான முடிவு. ஆனால் வடகிழக்குப் பருவம் தொடங்கிய பிறகும் தென்கிழக்கிலிருந்து வரும் நெடிய அலை இந்தக் கரையில் முழுவதுமாக நின்றுவிடுவதில்லை. காற்றெழுப்பிய அலையைக் கப்பலின் உடல் தடுத்தது. தென்கிழக்கு அலையோ மறைவுப் பக்கத்துக்குள் நேராக வந்து, கப்பலின் தெற்கே ஒட்டி ஓடிய லாஞ்சை வலப்புறத்திலிருந்து தூக்கியது. வலப்புறம் உயர்ந்த படகு இடப்புறம், அதாவது கப்பலை நோக்கிச் சாய்ந்தது.

அந்த அலையின் கணக்கைப் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் மற்ற எல்லாமே அதிலிருந்துதான் வருகின்றன. உயரம் 1.5 மீட்டர், இடைவெளி 7 விநாடி என்று கொண்டால், பள்ளத்திலிருந்து முகட்டுக்குப் படகு ஏற 3.5 விநாடி ஆகும். அலைக்கு எதிர்முகமாக ஓடிக்கொண்டிருந்தால் அந்த நேரம் இன்னும் சற்றுக் குறையும். ஆழ்கடல் அலையின் நீளக் கணக்குப்படி இத்தகைய அலை சுமார் 76 மீட்டர் நீளமுள்ளது. 14 மீட்டர் படகு அதன் ஒரு சரிவிலேயே முழுவதுமாக அடங்கிவிடும். தக்கையைப் போல அலையோடு ஏறி அலையோடு இறங்கும். பக்கத்தில் இருப்பதோ 250 மீட்டர் கப்பல், அது அசையவே இல்லை. பைலட் ஏணியின் படிகளுக்கிடையே 31 முதல் 35 சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்பது விதி. எனவே அந்த மூன்றரை விநாடியில் படகின் தளம் நான்கு படிகளுக்கு மேல் தாண்டிப் போகிறது. ஏணியில் தொங்குபவர் முகட்டைப் பார்த்து, அங்கே தளம் ஒரு கணம் தயங்கும்போது இறங்க வேண்டும். சீக்கிரம் இறங்கினால் கீழிருந்து எழும் தளம் காலை நசுக்கும். தாமதித்தால் தளம் விலகிப் போய், விழ வேண்டிய தூரம் கூடும்.

இந்த ஏற்ற இறக்கத்தை எந்தச் சாதாரணப் படகின் வடிவமும் ஒழித்துவிட முடியாது. அது அலையின் உரிமை. வடிவமைப்பாளரால் செய்யக்கூடியது, அந்தக் கணத்தில் படகு எவ்வளவு சாய்கிறது, எங்கே உரசுகிறது, படகை ஓட்டும் சாரங்குக்கு என்ன தெரிகிறது, காலுக்கும் கைக்கும் எது கிடைக்கிறது என்பவற்றைத் தீர்மானிப்பதுதான்.

ஏணியில் குறை இல்லை

இத்தகைய விபத்துகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஏணியை. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையான சோலாஸின் ஐந்தாம் அத்தியாயம், 23-ஆம் விதி இதைத் தெளிவாக வகுத்துள்ளது. 2011-இல் ஏற்கப்பட்ட ஐஎம்ஓ (பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு) தீர்மானம் ஏ.1045(27) அளவுகளைத் தருகிறது. ஏறும் உயரம் 1.5 மீட்டருக்குக் குறையாமலும் 9 மீட்டருக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். 9 மீட்டரைத் தாண்டினால் கப்பலின் சாய்வுப் படிக்கட்டையும் நூலேணியையும் சேர்த்தே கட்ட வேண்டும். கீழிருந்து நான்கு படிகள் ரப்பர். ஏணி திருகிக்கொள்ளாமல் தடுக்கும் நீண்ட குறுக்குப் பலகைகள் 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது. அவற்றில் கீழே உள்ளது ஐந்தாம் படியாக அமைய வேண்டும். ஏணி கப்பலின் நடுப்பாதி நீளத்துக்குள் இருக்க வேண்டும், ஏனெனில் ஓடும் கப்பலின் முன்பக்க நீர் படகைத் தள்ளிவிடும், பின்பக்கம் உள்ளிழுக்கும்.

பைலட்டின் வாக்குமூலத்தையும் கப்பலிலிருந்து வந்த படங்களையும் ஒப்பிட்டதில் ஏணி ஒழுங்காகவே இருந்தது. ஏறும் உயரம் சுமார் 7 மீட்டர். உலகெங்கும் பைலட்டுகள் புகார் சொல்லும் பெரும்பாலான கோளாறுகள், அதாவது அழுகிய கயிறு, தளக் கம்பியில் கொக்கியிட்டுத் தொங்கவிட்ட ஏணி, காலைச் சுற்றும் இழுகயிறு ஆகிய எதுவும் இங்கே இல்லை. ஆகவே பார்வை படகின் பக்கம் திரும்பியது.

வீல்ஹவுஸ் விளிம்பில் இருந்த பெயின்ட்

படகு ஃபைபரால் ஆனது, 14 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, இரட்டை எஞ்சின். எஞ்சின் அறை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. டிரைவரின் தினக் குறிப்பும் எண்ணெய் மாற்றிய தேதிகளும் சரியாக இருந்தன. பராமரிப்பில் குறை சொல்ல முடியாத படகு என்பதுதான் இந்த நிகழ்வின் சங்கடமான அம்சம்.

வெள்ளைப் பெயின்ட் அடித்த வீல்ஹவுஸின், அதாவது படகை ஓட்டும் அறையின், இடப்புற மேல்விளிம்பில், ஒரு கை நீளத்துக்கு, கருநீலத் தீற்றல் ஒன்று இருந்தது. விபத்தன்று கப்பலின் பக்கத்திலிருந்து ஒட்டியது அது. விரல் நகத்தால் சுரண்டியபோது அதன் கீழே வெள்ளை வந்தது, அந்த வெள்ளைக்குக் கீழே கறுப்பு, மறுபடி வெள்ளை, அதற்கும் கீழே துருச் சிவப்பு. வலப்புற விளிம்பிலும் இதே கதை. ஆண்டுதோறும் கரையேற்றும்போது வெள்ளையடித்து மறைத்துவந்த பழைய உரசல்கள் அவை. வீல்ஹவுஸ் கப்பல்களில் இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. யாரும் காயப்படாததால் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

அளந்து பார்த்தேன். பக்கத் தளத்தின் அகலம் 40 சென்டிமீட்டர். உரசலைத் தாங்க வெளியே தொங்கிய ஃபெண்டரின் தடிமன் 20. தளத்திலிருந்து வீல்ஹவுஸின் மேல்விளிம்பு 2.6 மீட்டர் உயரத்தில் இருந்தது, சுவரோ செங்குத்து. ஃபெண்டர் கப்பலில் பட்ட நிலையில் படகு சுமார் 13 பாகை சாய்ந்தால் வீல்ஹவுஸ் இடித்துவிடும் என்பது பள்ளிக்கூட முக்கோணக் கணக்கு. பக்கவாட்டு நெடிய அலையில் இந்த அளவுப் படகு 13 பாகை சாய்வது அதிசயம் அல்ல. வாடைக்காலத்தில் அது அன்றாட நிகழ்ச்சி.

இடி விழுந்ததும் சாரங்கு இயல்பாகவே சுக்கானை வலப்புறம் திருப்பிப் படகை விலக்கினார். அதே நேரத்தில் பைலட் கடைசிப் படியிலிருந்து காலை எடுத்துவிட்டார். இருவருமே தத்தம் இடத்திலிருந்து பார்க்கையில் சரியானதையே செய்தார்கள். சாரங்கு ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்டபோது, முப்பது ஆண்டுகள் லாஞ்ச் ஓட்டிய அந்தக் காசிமேட்டுக்காரர் என்னை வீல்ஹவுஸுக்குள் அழைத்துப் போய்த் தம் இருக்கையில் உட்கார வைத்தார். “மேல பாருங்க சார், என்ன தெரியுது? கூரைதான். ஏணியில அவர் எங்க இருக்காருன்னு நான் பாக்கணும்னா கதவைத் திறந்து தலையை வெளிய விடணும். அப்ப கை த்ராட்டிலுக்கு எட்டாது. லஸ்கர் கைய காட்டுவான், அதைப் பாத்துதான் ஓட்டறேன்.” விபத்தன்று லஸ்கரின் இரண்டு கைகளும் பைலட்டைப் பிடிக்கத் தயாராக நீண்டிருந்தன.

தளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டும்போது அதில் மணல் கலந்த வழுக்காப் பூச்சு இருந்திருக்கிறது. ஆய்வுக்கு வருகிறவர்கள் கண்ணுக்குப் படகு பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காக, அதன் மேல் சாம்பல் நிற எனாமலை இரண்டு மூன்று முறை அடித்துவிட்டார்கள். ஈரமானதும் அது சமையலறைத் தரைபோல வழுக்கியது. கைப்பிடிக் கம்பி வீல்ஹவுஸ் சுவரில் இல்லாமல் தளத்தின் வெளிவிளிம்பில் நின்றது. அதைப் பிடித்தால் விரல்கள் கப்பலுக்கும் கம்பிக்கும் நடுவே மாட்டும் என்பதால் யாரும் பிடிப்பதில்லை. ஃபெண்டராகச் சங்கிலியில் தொங்கியவை பழைய லாரி டயர்கள். நம் துறைமுகங்களில் டயரை விட மலிவான ஃபெண்டர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் டயர் கப்பலின் பக்கத்தைக் கவ்விப் பிடிக்கும்; அலை தூக்கும்போது படகு அந்தப் பிடியில் ஒரு கணம் நின்று, பிறகு திடீரென்று எகிறும். முகட்டைக் கணித்துக் காலை வைக்கிறவருக்கு அந்த எகிறல் பெரிய துரோகம்.

மசூலாவிலிருந்து இன்று வரை

இந்தக் கரைக்குச் சிக்கல் புதிதல்ல. இயற்கைத் துறைமுகம் இல்லாத சென்னையில் கப்பல்கள் வெளியே நங்கூரமிட, ஆட்களும் சரக்கும் மசூலாப் படகுகளில் அலைமுறிவைக் கடந்து கரை சேர்ந்த காலம் நெடியது. மசூலாவுக்கு உள்விலா இல்லை, ஆணி இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். தரை தட்டும்போது விறைத்து நின்று பிளந்துபோகாமல் நெளிந்து கொடுப்பதற்கான ஏற்பாடு அது. வேகமாகப் போகவோ அழகாகத் தெரியவோ யாரும் அதைக் கட்டவில்லை. கரையைத் தொடும் ஒரு கணத்துக்காகக் கட்டினார்கள். பிறகு அலைதடுப்புச் சுவர்கள் வந்தன. 1881-ஆம் ஆண்டுப் புயல் முடியும் தறுவாயில் இருந்த சுவர்களை உடைத்தது. மீண்டும் கட்டி, கிழக்கு நோக்கியிருந்த வாயிலை அடைத்து வடகிழக்குப் பக்கம் புதிய வாயில் அமைத்தார்கள். உள்ளே நீர் அமைதியாயிற்று. பைலட் ஏறும் இடம் மட்டும் இன்றும் திறந்த கடலில்தான்.

புதிய படகுக்கான பரிந்துரை

பழுதுபார்ப்புக் குறிப்போடு, அடுத்து வாங்கும் படகுக்கான தொழில்நுட்பக் குறிப்பையும் எழுதித் தரச் சொன்னார்கள். பழைய டெண்டரின் நகலைக் கேட்டு வாங்கினேன். அதில் முதல் வரி ‘வேகம் 25 நாட்டுக்குக் குறையாமல்’ என்பது. பக்கத் தளத்தின் அகலம் எங்குமே இல்லை.

வேகத்தைக் குறை சொல்லவில்லை. வடகடலில் நெடுந்தூரம் ஓடிப்போய்க் கப்பலைப் பிடிக்கும் படகுகளுக்கு வேகம் இன்றியமையாதது. நம் கணக்கில் வாயிலிலிருந்து ஏறும் இடம் மூன்று கடல் மைல் என்று வைத்துக்கொண்டாலும், 25 நாட்டில் ஏழு நிமிடம், 15 நாட்டில் பன்னிரண்டு நிமிடம். சேமிப்பு ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. கப்பலோடு ஒட்டியிருக்கும்போது படகு ஓடுவதோ 6 முதல் 8 நாட்டில். ஆழமான ‘வி’ வடிவ அடிப்பாகம் எதிரலையை வெட்டிக்கொண்டு போகும்போது முதுகெலும்பைக் காப்பாற்றும். மெதுவாக ஓடும்போது அதே வடிவம் தட்டையான அடிப்பாகத்தை விட எளிதாகச் சாயும். ஆகவே ‘வி’ இருக்கட்டும், ஆனால் அகலம் கூட்டி, பக்கமும் அடியும் சந்திக்கும் முனையை அகலமாக வைத்து, சாய்வு சோதனையை 25 நாட்டில் அல்லாமல் 7 நாட்டில், பக்கவாட்டு அலையில் நடத்திக் காட்ட வேண்டும் என்று எழுதினேன்.

ஜெர்மனியில் எல்பே ஆற்று முகத்துவாரத்தில் 1990-களின் இறுதியிலிருந்து ஓடும் இரட்டை உடல் பைலட் படகுகளைப் பற்றிக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். டார்பிடோ போன்ற இரு மிதவைகள் நீருக்கடியில் மூழ்கியிருக்க, நீர்மட்டத்தில் மெல்லிய தூண்கள் மட்டும் இருப்பதால், அலை அவற்றைத் தூக்குவது மிகக் குறைவு. ஏற்ற இறக்கத்தை உண்மையிலேயே அடக்கும் வடிவம் அது. விலையும், நீருக்கடியில் தேவைப்படும் ஆழமும், கரையேற்றிப் பழுதுபார்க்கும் செலவும் இங்கே ஒத்துவராது. அங்கே அந்தப் படகுகள் நாள்கணக்கில் கடும் கடலில் உழைக்கின்றன. நம் வேலை குறுகியது, அடிக்கடியானது.

உந்துவிசையில் வாட்டர்ஜெட் வேண்டாம் என்றேன். ஜெட் படகு இருந்த இடத்தில் திரும்பும், நூலேணிக்கு அருகே சுழலும் புரொப்பல்லர் இல்லை என்ற பாதுகாப்பும் உண்டு. ஆனால் காசிமேட்டு ஃபைபர் படகுகளின் வலைத் துண்டுகளும், மழைக்காலத்தில் கூவம் வாய் கக்கும் பிளாஸ்டிக்கும் மிதக்கும் நீரில் ஜெட்டின் உறிஞ்சுவாய் அடைபட்டுவிடும். படகின் அடிமுதுகான ஏராவை ஒட்டி, குழிவான சுரங்கத்துக்குள் வைத்த இரட்டை புரொப்பல்லரும், குறைந்த வேகத்திலும் கடிக்கும் பெரிய சுக்கானும் போதும். கப்பலின் நீரிழுப்பிலிருந்து விடுபட்டு விலகி வருவதற்கு அந்தச் சுக்கான்தான் துணை.

அதிக இடம் எடுத்துக்கொண்டது தளத்தைப் பற்றிய பகுதி. பக்கத் தளம் 90 சென்டிமீட்டர், ஃபெண்டர் 25, வீல்ஹவுஸ் சுவர் மேலே போகப் போக உள்நோக்கி 30 சென்டிமீட்டர் சரிய வேண்டும். அதே 2.6 மீட்டர் உயரத்துக்கு இது சுமார் 29 பாகை வரை இடிக்காது. ஃபெண்டர் தொங்காமல் படகைச் சுற்றிப் பதிக்கப்பட்டு, வெளிமுகம் வழுக்கும் பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். கைப்பிடி வீல்ஹவுஸ் சுவரில், அதற்கு இணையாக லஸ்கரின் இடுப்புவார் கொக்கி தடையின்றி ஓடும் தண்டவாளம். தளத்தில் கொக்கியோ குழாய் மூடியோ துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. சாரங்கின் தலைக்கு மேலே கூரைக் கண்ணாடி, அதற்குத் துடைப்பான். ஏணியின் மேல் ஒளி விழுந்து சாரங்கின் கண்ணைக் கூசவைக்காத விளக்கு. மேலே வெள்ளையும் கீழே சிவப்புமாகச் சுற்றி எரியும் பைலட் விளக்குகளும், வெள்ளை-சிவப்பு எச் கொடியும் எல்லாப் படகிலும் இருப்பவை. அவற்றின் கூசொளி முன்தளத்தில் விழாமல் மறைப்பு வைக்கும்படி மட்டும் சேர்த்தேன்.

வெளிநாட்டுக் கையேடுகள் கைப்பிடிக்குள் வெந்நீர் ஓட்டிப் பனி உறையாமல் வைப்பதைப் பெருமையாகச் சொல்லும். நமக்கு மே மாதப் பிற்பகலில் அதே கம்பியைப் பிடித்தால் உள்ளங்கை பொசுங்கும். கயிறு சுற்றிய அல்லது ரப்பர் உறையிட்ட கம்பி என்று எழுதியதைப் பார்த்து அலுவலகத்தில் சிரித்தார்கள், லஸ்கர்கள் சிரிக்கவில்லை.

கடலில் விழுந்தவரை எடுப்பதற்குப் பழைய படகில் ஒரு கயிற்று ஏணி மட்டுமே இருந்தது. நனைந்த உடையோடு, அதுவும் காயம்பட்ட ஒருவரை, ஒரு மீட்டருக்கு மேல் உயரமுள்ள தளத்துக்கு ஒரே ஒரு லஸ்கர் தூக்குவது நடக்கிற காரியம் அல்ல. பின்பக்கம் நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கும் ஹைட்ராலிக் மேடை, அங்கிருந்தே படகை இயக்க இன்னொரு கட்டுப்பாட்டு நிலையம் ஆகிய இரண்டையும் கட்டாயமாக்கினேன். கவிழ்ந்தால் தானே நிமிரும் அமைப்பு, அதாவது நீர்புகா வீல்ஹவுஸ், தாழ்ந்த எடைமையம், தானாக மூடும் எஞ்சின் காற்றுவழி ஆகியவை, விருப்பத் தேர்வாகவே நின்றன. புயல் எச்சரிக்கை ஏறும்போது கப்பல்களை வெளியே அனுப்பும் கடைசி மணி நேரங்களில் இந்தப் படகுகள்தான் ஓடுகின்றன என்பதால் அதுவும் கட்டாயமாகியிருக்க வேண்டும். பட்ஜெட் என்ற சொல்லின் முன் நான் தோற்ற இடம் அது.

பழைய படகில் செய்தது

எனாமலைச் சுரண்டி எடுத்துவிட்டு மணல் பூச்சு போட்டார்கள். வெளிவிளிம்புக் கம்பியை அறுத்து, வீல்ஹவுஸ் சுவரில் கைப்பிடி வைத்தார்கள். டயர்கள் போய், பதித்த ரப்பர் ஃபெண்டர் வந்தது. கூரையில் ஒரு சதுரம் வெட்டிக் கண்ணாடி பொருத்தினார்கள். ஜனவரியில் சோதனை ஓட்டத்துக்குப் போனபோது, நங்கூரத்தில் நின்ற ஒரு கப்பலின் பக்கமாக லாஞ்ச் ஒட்டியது. சாரங்கு இருக்கையில் உட்கார்ந்தபடியே தலையைப் பின்னுக்குச் சாய்த்து, ஏணியின் மேல்படியிலிருந்து கீழ்ப்படி வரை கண்ணாலேயே இறங்கினார். “இதுக்கு முப்பது வருஷமா சார்?” என்றார். கை த்ராட்டிலை விடவில்லை.

பக்கத் தளம் இன்னும் 40 சென்டிமீட்டர்தான். அதை அகலப்படுத்த வழியில்லை. ஆகவே தென்கிழக்கு அலை இருக்கும் நாட்களில் பைலட்டை வீல்ஹவுஸுக்கு முன்னால், அணியத்தின் (படகின் முன்பகுதியின்) தோளில் இறக்க வேண்டும், ஏணியின் கீழே படகின் அந்தப் பகுதி வரும்வரை கால் எடுக்கக் கூடாது என்று சுக்கானுக்கு மேலே ஒரு தகட்டில் எழுதி ஒட்டினோம். வீல்ஹவுஸ் விளிம்பை மட்டும் மறுபடி வெள்ளையடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அடுத்த முறை கரையேற்றும்போது அதில் என்ன நிறம் ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.